சோற்றைக் கடைசியில் வையுங்கள்

எடை குறைக்கும் ஊசியைத் தொடங்கிய அறுபது வயதுக்காரர்கள் முதல் மாதத்தில் என்ன சாப்பிடுகிறார்கள்? மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்து வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய பதில், மைலோவில் நனைத்த கிரீம் கிராக்கர். பசி இல்லை, குழம்பு வாசனை பிடிக்கவில்லை, பல் செட் கொஞ்சம் ஆடுகிறது. பிஸ்கெட் மட்டும் சிரமமில்லாமல் இறங்குகிறது. காலையில் நாலு பிஸ்கெட், மத்தியானம் ரசம் ஊற்றி இரண்டு கை சோறு, ராத்திரி மறுபடியும் பிஸ்கெட். தராசில் எடை இறங்குகிறது, வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. சில மாதம் கழித்து நாற்காலியை விட்டு எழ மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாளின் புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 20 கிராம்கூடத் தேறாது. தேவையோ அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

"இந்த மருந்துக்கு எதெல்லாம் ஆகாது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வயதான பிறகு அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே போகப்போகிற இந்தக் கொஞ்சத்தில் எது கட்டாயம் இருக்க வேண்டும்?

செமாகுளூட்டைட், டிர்செபாடைட் இரண்டும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். லிராகுளூட்டைட் தினமும் போடுவது. மூன்றும் மூளையில் பசி உணர்வைத் தணிக்கின்றன, இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகின்றன. இந்த மெதுவாக்கும் வேலை தொடக்க மாதங்களில்தான் அதிகமாகத் தெரியும். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி பதினொரு மணிக்கும் நெஞ்சுக்குழியில் நிற்பது போல இருக்கும். வயிற்றில் இடம் குறைவு என்பதால், முதலில் உள்ளே போவது எதுவோ அதுதான் உடம்புக்குக் கிடைக்கும். பிறகு சாப்பிடலாம் என்று தட்டோரம் ஒதுக்கிய மீன் பெரும்பாலும் தட்டோடு திரும்பிவிடுகிறது.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை. 2021-இல் வெளிவந்த ஸ்டெப் 1 ஆய்வில், செமாகுளூட்டைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காட்டை இழந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உடலமைப்பு அளவீடு எடுத்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு, தசையும் அடங்கிய கொழுப்பல்லாத பகுதி என்று தெரிந்தது. நாற்பது வயதில் இழந்த தசையை ஓரளவு மீட்டுக்கொள்ளலாம். எழுபதில் அது கடினம். ஈரமான குளியலறையில் கால் வழுக்கும்போது தாங்கிப் பிடிப்பது அந்தத் தொடைத் தசைதான்.

எத்தனை கிராம் வேண்டும்

மூத்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 68 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 70 முதல் 80 கிராம். எடை மிக அதிகமாக இருப்பவர் இப்போதைய எடையை அப்படியே பெருக்கக் கூடாது. எந்த எடையை வைத்துக் கணக்கிடுவது என்று உணவியல் நிபுணரைக் கேளுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு இந்த அளவு பொருந்தாது. டயாலிசிஸ் செய்யாத நிலையில் அவர்களுக்கு 0.8 அல்லது அதற்கும் கீழே வைப்பார்கள். நம்மவர்களில் இருபது வருடமாக நீரிழிவோடு இருக்கிற பலருக்குச் சிறுநீரகத்திலும் கோளாறு இருக்கிறது. அதனால் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டாமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

இதை ஒரே வேளையில் அடைக்க முடியாது. வேளைக்கு 25 கிராம் அளவில் பிரித்துக் கொடுத்தால்தான் வயதான தசை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். கிராம் என்றதும் மலைக்க வேண்டாம், நம் அடுப்படிப் பொருள்களை வைத்தே கணக்குப் போடலாம். முட்டை ஒன்றில் 6 கிராம். கெம்போங் என்று வாங்கும் கானாங்கெளுத்தி நடுத்தர அளவில் ஒன்று எடுத்தால் முள் போகச் சதை 75 கிராம் வரும், அதில் 15 கிராம். தோலில்லாத வெந்த கோழி 100 கிராமில் 27. தெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி 100 கிராமில் 19. கெட்டியான தவ்வு (டோஃபு) 100 கிராமில் 8 முதல் 10. ஒரு குவளைப் பாலில் 8. வெந்த கொண்டைக்கடலை அரைக் கோப்பையில் 7. கரண்டி நின்றால் சாயாத அளவு கெட்டியான பருப்பு அரைக் கோப்பையில் 7 முதல் 9.

சாம்பார் ஏமாற்றும். பருப்புப் போட்டுத்தான் வைக்கிறோம், ஆனால் எட்டுப் பேருக்கு நீட்டி வைத்த சாம்பாரில் ஒரு கரண்டிக்கு 2 கிராம் வந்தால் பெரிது. ரசத்தில் அதுவும் இல்லை. இட்லி ஒன்றில் 2 கிராம், சிறு கிண்ணம் சோற்றில் 4. கேழ்வரகுக் கஞ்சி உடம்புக்கு உரம் என்று கொடுக்கிறோம். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பது உண்மை. ஆனால் 30 கிராம் மாவில் புரதம் 2 கிராம்தான். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சி, இறக்கும்போது கொழுப்பு நீக்கிய பால்மாவு இரண்டு மேசைக்கரண்டி கலந்தால், அதே கிண்ணம் 15 கிராம் தரும். பால்மாவை முதலில் ஆறின தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள், கொதிக்கிற கஞ்சியில் அப்படியே கொட்டினால் கட்டி கட்டும்.

தேநீரில் ஊற்றும் டின் கெட்டிப் பாலைப் பால் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் பெரும்பகுதி சர்க்கரை. பல டின்களில் பனை எண்ணெயும் கலந்திருக்கும்.

தட்டில் முறை மாறட்டும்

நம் வழக்கப்படி முதலில் சோறு குவித்து, அதில் குழி பறித்துக் குழம்பு ஊற்றி, மீனை ஓரத்தில் வைத்துக் கடைசி வரை காப்பாற்றிச் சாப்பிடுகிறோம். மருந்து எடுக்கிறவருக்கு இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் மீனோ முட்டையோ கோழியோ பருப்போ. அது முக்கால்வாசி முடிந்ததும் காய்கறி. சோறு கடைசியில், இடம் இருந்தால். அரைக் கிண்ணம் போதும், அதிலும் மிச்சம் வைத்தால் பரவாயில்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு சொல்லும் கால்-கால்-அரைத் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, அரைப் பங்கு காய் பழம். அது பொதுவாக நல்ல முறைதான். ஆனால் பசி மங்கியவர் அரைத் தட்டுக் கீரையில் தொடங்கினால் கீரையோடு வயிறு மூடிக்கொள்ளும். இந்த மாதங்களில் மட்டும் புரதப் பங்கைக் கொஞ்சம் பெரிதாக்கி, காயை அதற்கு அடுத்த இடத்தில் வையுங்கள்.

சிறிய தட்டைப் பயன்படுத்துங்கள். பெரிய தட்டில் நிறையப் பரிமாறி முன்னால் வைத்தால் பார்த்ததுமே ஓங்கரிக்கும். இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடட்டும். நிறைந்துவிட்டது என்ற உணர்வு திடீரென்று வரும், அதன் பிறகு ஒரு வாய் கூடினாலும் வாந்தியில் முடியும். "அம்மா, இந்த ரெண்டு வாய் மட்டும்" என்று பாசத்தோடு கெஞ்சுவது இங்கே உதவாது. அந்த இரண்டு வாயை இரண்டு மணி நேரம் கழித்துத் தவ்வாகவோ தயிராகவோ கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வீடுகளில் வளர்ந்த பெண்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர்கள். சட்டியில் அப்போது மிஞ்சியிருப்பது குழம்பும் மீன் தலையும்தான். பசி இருந்த காலத்தில் அந்தக் குறை அவர்களுக்கே உறைத்தது, ஒரு முட்டையாவது பொரித்துக்கொள்வார்கள். ஊசி போட்ட பிறகு பசியே இல்லாததால் குறை தெரியாது. "எனக்கு இதுவே போதும்மா" என்பது உண்மையாகவே போதும் என்று தோன்றித்தான் வரும். அதனால் மீன் வெந்து இறக்கியதும் அவர்களுக்கான துண்டைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பது சமைப்பவர் பொறுப்பு. எடுத்து வைத்தோமா இல்லையா என்பதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கிண்ணத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒரு நாள் எப்படிப் போகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காலையில் பசியாற இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, அரைக் கோப்பை கெட்டிப் பருப்பு: 23 கிராம். பத்தரை மணிக்குப் பால்மாவு கலந்த ஒரு குவளைப் பால், 12 கிராம். மத்தியானம் ஒரு கெம்போங் மீன், பயிற்றங்காய் அல்லது சாயூர் மானிஸ் கீரை, நாலு கரண்டி பருப்பு, அரைக் கிண்ணம் சோறு: 25. நாலு மணிக்கு அரைக் கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டல், 7. இரவு ஏழு மணிக்குள் ஒரு சப்பாத்தி, 75 கிராம் தெம்பே போட்ட பிரட்டல், அரைக் கோப்பை தயிர்: 20. கூட்டினால் 87. இதில் ஒரு வேளை சரியாக இறங்காமல் போனாலும் 60-க்குக் கீழே போகாது. அந்த இடைவெளிக்காகத்தான் கணக்கைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தப் பட்டியல் அல்ல.

பல் செட் விஷயத்தைச் சாதாரணமாக விட வேண்டாம். முகம் மெலிந்தால் ஈறோடு செட் பொருந்தாமல் ஆடும். மெல்ல வலித்தால் இறைச்சியை விட்டுவிட்டுக் கஞ்சிக்குப் போய்விடுவார்கள். பல் மருத்துவரிடம் சரிசெய்யும் வரை ஆவியில் வேகவைத்த மீன், மஞ்சள் கரு வழியாமல் லேசாகக் கட்டிய முட்டை, மென்மையான தவ்வு, கொத்திய கோழியில் செய்த உருண்டை என்று ஓட்டலாம்.

குமட்டல், மலச்சிக்கல், அழுகிய முட்டை வாடை ஏப்பம்

குமட்டல் பலருக்கு ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கூடுதல். ஆகவே ஊசி நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. சனிக்கிழமை கல்யாண விருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்று வாழும் வீட்டில் வெள்ளிக்கிழமை ஊசி போட்டால் இரண்டு நாளும் கெடும். திங்களோ செவ்வாயோ போட்டால் வார இறுதியில் ஓரளவு சாப்பிட முடியும்.

எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கனத்த சாப்பாடு ஏற்கெனவே மெதுவான இரைப்பையை இன்னும் மெதுவாக்கும். ரொட்டி சானாய், நாசி லெமாக், பீசாங் கோரேங், பாசார் மாலாமில் வாங்கும் பொரித்த கோழி இவற்றை ஊசி போட்ட முதல் இரண்டு நாளும் தொடவே வேண்டாம். மற்ற நாளில் ஆசைக்குக் கால் பங்கு. குழம்புக்குத் தேங்காய்ப்பால் கட்டாயம் வேண்டும் என்றால் முதல் பாலை விட்டு இரண்டாம் பாலை ஊற்றுங்கள். பாதிக்குப் பாதி மோர் அடித்து ஊற்றினாலும் மணம் கெடாது, அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் திரியவும் செய்யாது.

தாளிக்கிற வாசனையே சிலருக்குப் புரட்டும். அவர்கள் சாப்பிட உட்காருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தாளிப்பை முடித்து ஜன்னலைத் திறந்து விடுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவு வாசனை குறைவாகத் தரும். குளிர்ந்த தவ்வின் மேல் கொஞ்சம் இஞ்சித் துருவலும் எலுமிச்சைச் சாறும் விட்டால், மீன் பிடிக்காத நாளிலும் இறங்கும்.

ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை வந்தால், சாப்பாடு இரைப்பையில் அதிக நேரம் தங்குகிறது என்று கொள்ளலாம். வேளை அளவைப் பாதியாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டு வாருங்கள், இரண்டு மூன்று நாள் முட்டையை நிறுத்தி மீன் அல்லது பருப்புக்கு மாறுங்கள். கல்யாண மண்டபத்தில் ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் நிச்சயம். வீட்டிலேயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் பரிமாறும் மீனிலோ கோழியிலோ ஒரு துண்டு எடுத்துக்கொண்டால் மரியாதையும் கெடாது, வயிறும் கெடாது.

மலச்சிக்கலுக்கு மூன்று காரணம் ஒன்றுசேர்கின்றன: குறைந்த சாப்பாடு, குறைந்த தண்ணீர், மெதுவான குடல். பயந்துபோய் முதல் வாரமே தவிடு, ஓட்ஸ், இசப்கோல் என்று நிறைய நார் சேர்ப்பது கெடுதல். தண்ணீர் போதாமல் நார் மட்டும் கூடினால் வயிறு உப்பி இன்னும் இறுகும். முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். இதயம், சிறுநீரகத்துக்காக மருத்துவர் அளவு குறைத்துச் சொல்லாதவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். இதைச் சாப்பாட்டோடு குடித்தால் வயிற்றில் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் விட்டு, மற்ற நேரத்தில் மடக்கு மடக்காகக் குடியுங்கள். ஒன்றரை லிட்டர் புட்டியைக் காலையில் நிரப்பி மேசையில் வைத்துவிட்டால் சாயங்காலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். தாகமும் இந்த மருந்தால் மங்கும், வயதாலும் மங்கும். அதனால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர் சரியான பிறகு தினம் ஒரு துண்டு பப்பாளி, ஒரு கை கீரை, பிறகு கொய்யா என்று வாரம் ஒன்றாகக் கூட்டுங்கள். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் கிளினிக்கில் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

காலைத் தேநீர், மாத்திரை, சர்க்கரை இறக்கம்

செமாகுளூட்டைட் மாத்திரை வடிவத்திலும் இருக்கிறது. அதை வெறும் வயிற்றில், 120 மில்லி லிட்டருக்கு மேல் போகாத வெறுந்தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், வேறு மாத்திரையும் போடாமல் இருக்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போன காலத்துப் பழக்கம், கண் விழித்ததும் ஒரு கோப்பை தே ஓ. அந்தத் தேநீரோடு போட்ட மாத்திரையில் உடம்பில் ஏறுவது மிகக் குறைவு. "மாத்திரை வேலை செய்யலையே" என்பவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். மாத்திரையையும் அரைக் குவளைத் தண்ணீரையும் படுக்கைப் பக்கம் வைத்து, போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் அந்த அரை மணி தானாகக் கடந்துவிடும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரையோ கூடவே எடுப்பவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து உண்டு. பழைய சாப்பாட்டு அளவுக்கு ஏற்ப எழுதிய அளவு அது. சாப்பாடு பாதியானால் சர்க்கரை சட்டென்று இறங்கும். புதிய மருந்தைத் தொடங்கும் நாளிலேயே பழையதைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். தனியார் கிளினிக்கில் ஊசி, அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை என்று இரண்டு இடத்தில் பார்ப்பவர்களுக்குத்தான் இது தவறிப்போகிறது. இரண்டு மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி இரண்டு இடத்திலும் காட்டுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம், சர்க்கரை மீட்டரில் 4.0 மில்லிமோலுக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்யுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மைலோவோ சாக்லெட்டோ இதற்கு ஆகாது, கொழுப்பு கலந்ததால் மெதுவாகத்தான் ஏறும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். வெறும் வயிற்றில் மது குடிப்பதும் இந்த இறக்கத்தை வரவழைக்கும். முன்பு சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தவர் இப்போது சாப்பாடே இல்லாமல் குடிக்கிறார் என்பதை வீட்டார் கவனிக்க வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். எடை இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் அதைப் பசி மயக்கம் என்று விட்டுவிடாமல், உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் எடுத்து எழுதிக்கொண்டு போங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து தண்ணீர் தங்காத நாளில் மெட்ஃபார்மின், எம்பாகுளிஃப்லோசின் அல்லது டாப்பாகுளிஃப்லோசின், பெரிண்டோபிரில், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் அடர்நிறமாகிவிட்டது, மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாயும் கடும் வலி, கண் மஞ்சள் என்றால் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்கும் நேரமல்ல. கணைய அழற்சியும் பித்தப்பைக் கல்லும் இந்த மருந்தோடு தொடர்புள்ளவை. மருத்துவமனைக்குப் போங்கள். அறுவைச் சிகிச்சையோ வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையோ இருந்தால் இந்த ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கம்போல் பட்டினி இருந்தாலும் வயிற்றில் சாப்பாடு மிஞ்சியிருக்கலாம்.

விரத நாள்கள்

தைப்பூசத்துக்கு 48 நாள், கந்த சஷ்டிக்கு ஆறு நாள், புரட்டாசிச் சனி. இவற்றை நாற்பது வருடமாக விடாமல் இருந்தவரிடம் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்வது எளிதல்ல, சொல்லவும் தேவையில்லை. சைவம் பிரச்சினையே அல்ல. தெம்பே, தவ்வு, பால், தயிர், பருப்பு, கடலை வைத்து 70 கிராமை எட்டலாம். ஒருவேளைச் சாப்பாடுதான் பிரச்சினை. மெதுவான இரைப்பையில் ஒரே வேளையில் அத்தனையும் போகாது. 48 நாள் அப்படி இருந்தால் தசை கரைவது உறுதி. சைவத்தைக் காத்துக்கொண்டு, ஒருவேளைக்குப் பதில் ஒரு சாப்பாடும் இரண்டு முறை பால்மாவு கலந்த பாலும் பழமும் என்று வைத்துக்கொள்ளலாம். பால் பழம் விரதத்துக்கு விலக்கல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சர்க்கரையை இறக்கும் மருந்து எடுப்பவர் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பால்குடம் எடுத்து வெயிலில் வரிசையில் நிற்கும் நாளில் கூட வருபவர் கையில் தண்ணீர்ப் புட்டியும் சர்க்கரையும் இருக்கட்டும்.

விரதத்துக்காக ஊசியைத் தன்னிச்சையாக நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பழைய அளவிலேயே மறுபடி போடுவது கடும் வாந்தியைக் கொண்டுவரும். செமாகுளூட்டைட்டை 0.25 மில்லிகிராமில் நாலு வாரம், பிறகு 0.5 என்று படிப்படியாக ஏற்றுவதே உடம்பு பழகத்தான். இடைவெளி விழுந்தால் எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்த படிக்கு ஏறும் முன்பும் ஒரு கேள்வி உண்டு. இப்போதைய அளவிலேயே பாதிச் சாப்பாடுதான் இறங்குகிறது என்றால், அதே அளவில் இன்னொரு மாதம் இருக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். வயதானவருக்கு அவசரம் வேண்டாம். வாரம் அரைக் கிலோ இறங்கினாலும் போதும், வாரா வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் சாப்பாடு போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் பல நூறு ரிங்கிட் ஆகும் மருந்து இது. பணம் முடியாமல் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஸ்டெப் 1 ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. திரும்பி வருவதில் பெரும்பகுதி கொழுப்பு, போன தசை தானாக வராது. கைக்கு எட்டும் விலை என்று யாரிடமோ பெட்டி இல்லாமல் வாங்கும் ஊசி இன்னும் மோசம். பெட்டியில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும்.

தராசை மட்டும் நம்பாமல் தையல் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, உட்கார்ந்து பாதம் தரையில் படிந்திருக்கும்போது, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். ஆசிய நாடுகளுக்கான அளவுகோலின்படி ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை குறைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் நாளில் எடுத்தால் அளவு பொய் சொல்லும், காலையில் எடுங்கள். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் அதுவும் எச்சரிக்கை. நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு இதைச் செய்ய வேண்டும். அதே எழுந்து உட்காருவதைப் பத்து முறை வீதம் இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள் செய்தால் அதுவே பயிற்சியும் ஆகும். சாப்பிட்ட புரதம் தசையில் போய்ச் சேர இந்த உழைப்பு வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் அதற்குப் போதாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நாலு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எடை, கெண்டைக்கால் சுற்றளவு, ஐந்து முறை எழுந்த விநாடி, நேற்று சாப்பிட்ட புரதம். மெட்ஃபார்மின் பல வருடமாக எடுத்தால் பி12 வைட்டமின் குறையக்கூடும், அப்படி எடுப்பவர் அந்த எண்களின் கீழே "பி12 சோதனை" என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.